பழங்கற்படி: ஒரு வன்தட்டும் திருமழபாடிக் கல்வெட்டும்

அரியலூரிலிருந்து தஞ்சை நோக்கிச் செல்லும் சாலையும், திருச்சியிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையும் சந்திக்கும் இடத்தில் அமைந்த ஊர் கீழப்பழுவூர். பொன்னியின் செல்வனைப் படித்துவிட்டுப் பழுவேட்டரையரைத் தேடி வரும் நண்பர்கள் இங்கிறங்கி, ஆலந்துறையார் கோயிலைக் கண்டு, அங்கிருந்து மேலப்பழுவூருக்கும் கீழையூர் இரட்டைக் கோயில்களுக்கும் செல்வது வழக்கம். கல்வெட்டுகளில் சிறுபழுவூர் என வழங்கும் இவ்வூரின் கோயிலைப் பற்றி அறிஞர்கள் விரிவாக எழுதியுள்ளனர். இக்கட்டுரை அக்கோயிலைப் பற்றியதன்று. இவ்வூர் வீடொன்றின் பரணில் பல ஆண்டுகள் கிடந்த ஒரு பழைய வன்தட்டைப் பற்றியது. வரலாற்றுக் கட்டுரை என்று அழைத்துவந்து கணினிக் கடைக்குள் நுழைக்கிறார்களே என வாசகர்கள் ஐயுற வேண்டா. அக்கடையிலிருந்து கொள்ளிடக்கரைக்குத்தான் செல்லவிருக்கிறோம்.

கதை 2003இல் தொடங்குகிறது. நாங்கள் மூவர். இருவர் தமிழ் முதுகலை முடித்து ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தோம். மூன்றாமவர் எங்களைவிடப் பதினைந்து ஆண்டுகள் மூத்தவர். பட்டம் ஏதும் பெறாதவர். கணினி அச்சுக்கோப்பு நிலையம் ஒன்றில் தட்டச்சராகப் பணியாற்றியவர். கல்லெழுத்தைப் பார்த்துப் பார்த்தே படிக்கப் பழகியவர். அவரை அண்ணன் என்றே அழைத்தோம். இங்கும் அவ்வாறே குறிப்பிடுகிறோம்.

பழுவூர்ப் பகுதியில் சிற்றூர்க் கோயில் ஒன்றின் அதிட்டானத்தில், வரிசை குலைந்த கற்களில், துண்டுக் கல்வெட்டுகள் சில இருந்தன. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே சென்றோம். கல்லின் மீது சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவித் துடைத்து, மாலைச் சாய்வெயிலில் எழுத்தின் பள்ளம் நிழலாகத் தெரியும்போது அண்ணன் படிப்பார், நாங்கள் எழுதிக்கொள்வோம். பிறகு, மூவரும் பணம் போட்டு வாங்கிய பழைய கணினியொன்றில் அவை தட்டச்சாயின. சில கோப்புகளை நாங்கள் அடித்தோம். கல்வெட்டுப் பாடம் முழுவதையும் அண்ணனே அடித்தார்.

சில ஆண்டுகளுக்குப் பின் அக்கோயிலில் திருப்பணி நடந்தது. அதிட்டானம் முழுவதும் சிமெண்டுப் பூச்சுக்குள் மறைந்தது. சுண்ணாம்புக்கல் வெட்டிச் சிமெண்டு செய்யும் மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்? கோயிலின் பெயரை இங்கே தவிர்க்கிறோம். ஊரார் அன்போடு செய்த பணி அது. எழுத்து அங்கே உண்டு என்று அவர்களிடம் எடுத்துச் சொல்லாத குற்றம் எங்களையும் சேரும். எங்கள் கையெழுத்துக் குறிப்பேடுகளைக் கரையான் தின்றது. 2016இல் அண்ணன் காலமானார். எஞ்சியது பரணில் கிடந்த அந்தக் கணினி ஒன்றே.

சென்ற ஆண்டு அதை இறக்கினோம். மின்சாரம் கொடுத்ததும் ஓர் உறுமல், பிறகு அமைதி. தாய்ப்பலகையின் மின்தேக்கிகள் தலை வீங்கி வெடித்திருந்தன. வன்தட்டை மட்டும் கழற்றி, எங்கள் கல்லூரியில் பயின்று இப்போது கணினி பழுதுபார்க்கும் கடை நடத்தும் மாணவரிடம் கொண்டுசென்றோம்.

செல்லும் முன் ஒரு பிழை செய்திருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நண்பர் வீட்டில் இருந்த வேறொரு பழைய கணினியில் அந்த வன்தட்டைப் பொருத்தி இயக்கிப் பார்த்தோம். விண்டோஸ் 98இன் முகப்புத் தோன்றியது. அப்படியே உறைந்து நின்றது. இதைச் சொன்னதும் மாணவர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஓர் இயங்குதளம் தான் நிறுவப்பட்ட கணினியின் உறுப்புகளை அறிந்து, அவற்றுக்குரிய இயக்கிகளை வைத்துக்கொண்டு வாழ்வது. வேறு கணினியில் கண்விழித்தால் அதற்குத் திசை தெரிவதில்லை. அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு: இயங்குதளம் எழும் ஒவ்வொரு முறையும் தட்டின்மீது எதையாவது எழுதுகிறது. நோயுற்ற தட்டில் புதிதாக எழுதுவது, சிதைந்த கல்லின்மேல் உளியை ஓட்டிப் பார்ப்பதற்கு நிகர். பழைய வன்தட்டை வேறு கணினியில் இணைப்போர், அதிலிருந்து கணினியை இயக்காமல், இரண்டாம் தட்டாக வைத்துப் படிக்க மட்டுமே முயல வேண்டும்.

அந்தப் பொருளின் அமைப்பை இங்கே சற்று நினைத்துப் பார்க்கலாம். 1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ராமாக் என்னும் முதல் வன்தட்டுக் கருவியில் இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் இருந்தன. அவை அனைத்தும் சேர்ந்து ஐம்பது இலட்சம் எழுத்துகளைத் தாங்கின. எங்களுடையது உள்ளங்கையளவு, இருபது ஜிகாபைட்டு. அமைப்பு ஒன்றேதான். காந்தப் பூச்சுடைய தட்டு சுழல, படிக்கும் முனை அதைத் தொடாமல் மேலே மிதக்கிறது. அவ்விடைவெளி ஒரு தூசியினும் சிறியது. முனை தட்டைத் தொட்டுவிட்டால் கீறல்தான். கீறிய இடத்து எழுத்து மீளாது.

இணைப்பதிலேயே முதல் சிக்கல். அக்காலத்து வன்தட்டு நாற்பது ஊசிகளுள்ள பட்டைக் கம்பியில் இணைவது. இன்றைய கணினிகளில் அதற்கு இடமில்லை. யுஎஸ்பி வழியே இணைக்கும் மாற்றியொன்றைப் பூட்டி, தனியே மின்சாரமும் கொடுத்தார் மாணவர். தட்டு சுழன்றது, ஆனால் கணினி அதைக் காணவில்லை. அவர் தட்டின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். அங்கே ஜம்பர் என்னும் சிறு பிளாஸ்டிக் பொருத்தி ஒன்று உண்டு. ஒரே பட்டையில் இரு கருவிகள் இணையும்போது எது முதன்மை, எது துணை என்று சொல்வது அதன் வேலை. எங்களுடையது துணை என்ற நிலையில் இருந்தது. இடம் மாற்றியதும் கணினி தட்டைக் கண்டது. கண்டவுடன் ஒரு கேள்வி கேட்டது. இத்தட்டைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?

"ஐயா, இப்ப எதையும் அமுக்காதீங்க" என்றார் மாணவர்.

ஆம் என்று ஒரு விசையைத் தட்டியிருந்தால் அண்ணனின் பாடம் அதோடு போயிருக்கக்கூடும். தட்டு வெறுமையாக இருக்கிறது என்று கணினி சொல்வதற்கு, அதன் முதற்பகுதி எனக்குப் படிக்க வரவில்லை என்றுதான் பொருள். முகப்பு எழுத்து அழிந்ததால் கல்வெட்டே இல்லை என்று முடிவுகட்டுவது போன்றது அது. (எக்ஸ்பி காலத்துத் தட்டுகளில் இன்னொரு தடையும் வரும்: கோப்புகள் தெரியும், திறக்க முயன்றால் உரிமையில்லை என்று மறுக்கும். அங்கே கோப்பு கெடவில்லை; உரிமையாளர் பெயர் பழைய கணினிக்குரியது, அவ்வளவே. நிர்வாகியாக நுழைந்து உரிமையை மாற்றிக்கொள்ளலாம்.)

மாணவர் அடுத்துச் செய்தது எங்களுக்கு வியப்பளித்தது. பழுதைச் சரிசெய்ய அவர் முயலவேயில்லை. லினக்ஸ் கணினியொன்றில் டிடிரெஸ்க்யூ என்னும் கட்டற்ற மென்பொருளை இயக்கி, தட்டு முழுவதையும் ஒரு துண்டும் விடாமல் இன்னொரு தட்டுக்குப் படியெடுக்கத் தொடங்கினார். அம்மென்பொருள் எளிதில் படிக்கக் கிடைக்கும் பகுதிகளை முதலில் எடுத்துக்கொள்கிறது. முரண்டும் பகுதிகளைக் குறித்துவைத்துப் பின்னர் அவற்றிடம் திரும்பி வருகிறது. இரண்டு இரவுகள் ஓடியது. மிகச்சிறு பகுதி தவிர மற்றவை வந்து சேர்ந்தன. பழைய தட்டை அணைத்து உறையிலிட்டபின், படியின்மீதே பழுதுபார்ப்பு நடந்தது. அங்கே ஒரு நற்செய்தி. அக்காலத்து ஃபேட்32 கோப்பு முறையை வகுத்தவர்கள் முதற்பகுதிக்கு ஒரு மாற்றுப்படியை ஆறாம் பகுதியில் வைத்திருந்தார்கள். எந்தக் கோப்பு எங்கே என்று கூறும் அட்டவணையையும் இருமுறை எழுதியிருந்தார்கள். கெட்டதன் இடத்தில் மாற்றுப்படியை வைத்ததும் கோப்புறைகள் திறந்தன.

உடைப்பதற்கு முன் படியெடு. இந்தப் பாடத்தைக் கேட்டபோது எங்கள் நினைவு கொள்ளிடத்தின் வடகரைக்குச் சென்றது.

கீழப்பழுவூரிலிருந்து திருமானூர் வழியே சென்றால் திருமழபாடி. அங்குள்ள வைத்தியநாதர் கோயிலில், தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஐந்தாம் தொகுதியில் அச்சான கல்வெட்டொன்று உள்ளது. முதலாம் இராசராசர் தம் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013ஐ ஒட்டி, அக்கோயிலின் ஸ்ரீவிமானத்தைப் பிரித்து மீண்டும் எடுக்க ஆணையிட்டார். பிரிக்குமுன், அதன் சுவர்களில் உள்ள கல்வெட்டுகள் அனைத்தையும் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் ஏற்பாடு. அவர் மகன் இராசேந்திரரின் 14ஆம் ஆட்சியாண்டில், 1026ஐ ஒட்டி, அந்தப் புத்தகத்தைப் பார்த்து அவை மீண்டும் சுவரில் வெட்டப்பட்டன.

இச்செய்தியைப் பல முறை படித்தவர்கள்தாம் நாங்கள். வகுப்பிலும் சொல்லியிருக்கிறோம். ஆயினும் அந்த இடைக்காலத்தை நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. ஆணைக்கும் மறுபொறிப்புக்கும் இடையே ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள். பழைய சுவர் பிரிக்கப்பட்ட நாள்முதல் புதிய சுவரில் எழுத்து ஏறும்வரை, அக்கோயிலின் நிலம், விளக்கு, ஆடு, பொன் பற்றிய உரிமைகளெல்லாம் ஒரு புத்தகத்தில் மட்டுமே உயிர்வாழ்ந்தன. அது ஓலைச்சுவடியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஈரம், செல், தீ, கவனக்குறைவு, இவற்றிலிருந்து அதைக் காத்தவர் யாரோ. கல்லை நாம் நிலையானது என்கிறோம். ஓலையை நொய்யது என்கிறோம். திருமழபாடியில் கல்லெழுத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது அந்த நொய்ய ஓலை.

மறுபடி பொறித்தோர் இன்னொரு நேர்மையையும் கடைப்பிடித்தனர். செம்பியன் மாதேவியார் கற்றளியாக்கிய திருக்கோடிகாவலில் பழைய கல்வெட்டுகள் புதிய சுவரில் ஏறியபோது, அவை பழங்கற்படி என்ற குறிப்போடு ஏறின. பழைய கல்லின் படி என்பது பொருள். இக்குறிப்பு இல்லாவிடில் என்னாகும்? அரசர் பெயரும் ஆண்டும் முந்தைய காலத்தைச் சொல்லும். எழுத்தின் வடிவமோ பிந்தைய காலத்தைக் காட்டும். படிப்பவர் கல்வெட்டைப் போலி என்று ஐயுறுவார். அல்லது எழுத்து வளர்ச்சி பற்றித் தவறான முடிவுக்கு வருவார். நான் படி, மூலம் அன்று என்று ஒரு படி தானே சொல்லிக்கொள்வது பின்வருவோருக்குச் செய்யும் பேருதவி.

இனி வன்தட்டுக்குத் திரும்புவோம். கோப்புகள் கிடைத்தன, திறந்தால் தமிழ் இல்லை. தலையில் புள்ளியும் கொக்கியும் சுமந்த ஐரோப்பிய எழுத்துகள் வரிவரியாக நின்றன.

2000களின் தொடக்கத்தில் கணினியில் தமிழ் எழுதியவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. இளையோருக்காகச் சற்று விளக்குகிறோம். அன்றைய எழுத்துருவில் 256 இடங்கள், முற்பாதி ஆங்கிலத்துக்குரியது. எஞ்சிய 128 இடங்களில் தமிழின் 247 எழுத்துகளையும் முழுமையாக அடைக்க இயலாது. எனவே கொம்பு, கால் முதலிய குறிகளைத் தனித்தனியே பிரித்து வைத்தார்கள். எதை எங்கே வைப்பது என்பதில் ஒவ்வொருவரும் ஒரு வழியில் சென்றனர். சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை அளித்தார்; மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று கூட்டிய தமிழ்நெட் மாநாடும், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாடும் இக்குழப்பத்துக்கு ஒழுங்கு தேடின. சென்னை மாநாட்டின் பயனாக டாம், டாப் என்னும் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. இணையத்தில் கூடி விவாதித்தவர்கள் டிஸ்கி என்னும் குறியேற்றத்தை வகுத்தனர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் பின்னர் டிஸ்கிக்கு மாறியது.

யூனிகோடு என்னும் ஒருங்குறி 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தும், விண்டோஸ் 2000 போன்ற இயங்குதளங்கள் வந்த பிறகே அது பரவலாகப் பயன்படும் நிலை ஏற்பட்டது. தமிழக அரசு அதை ஏற்றது 2010 ஜூனில். அதுவரை ஒவ்வோர் இதழின் தளத்துக்கும் ஓர் எழுத்துருவைத் தரவிறக்கிக்கொண்டிருந்தோம். சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி அந்நாளில் எத்தனை பேருக்குக் கைகொடுத்தது என்பதை இவ்வலைப்பக்கத்தின் பழைய வாசகர்கள் அறிவர்.

நாங்கள் அடித்த கோப்புகள் டிஸ்கியில் இருந்தன. மாற்றியில் இட்டதும் தமிழாயின. இம்மாற்றம் எழுத்துக்கு எழுத்து வைப்பதோடு முடிவதில்லை. பழைய முறையில் கே என்பதில் கொம்பு முதலில், ககரம் பின்னர். ஒருங்குறியில் ககரம் முதலில், கொம்பு பின்னர். மாற்றி வரிசையையும் திருப்பிப் போடுகிறது.

அண்ணன் அடித்த கோப்பு எந்த மாற்றிக்கும் மசியவில்லை. டிஸ்கி இல்லை, டாப் இல்லை, பாமினியும் இல்லை. அவர் பணியாற்றிய அச்சுக்கோப்பு நிலையத்தின் எழுத்துரு அது. வன்தட்டின் எழுத்துருக் கோப்புறையில் தேடினோம், கிடைக்கவில்லை. படிக்க முடியாமற்போன சிறு பகுதிக்குள் அது சிக்கியிருக்கலாம். நிலையமும் மூடப்பட்டுப் பல ஆண்டுகளாயின. எழுத்து முழுமையாகக் கையிலிருந்தும் படிக்கத் திறவுகோல் இல்லை.

அன்றிரவு, கல்வெட்டுப் படிப்போர் செய்வதையே செய்வது என்று முடிவெடுத்தோம். 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் சாஞ்சித் தூண்வேலியின் சிறு கல்வெட்டுகளை நோக்கியபோது, பலவும் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைக் கண்டு, அது தானம் என்ற சொல்லாக இருக்கும் என ஊகித்தார். பிராமி எழுத்தின் கதவு அவ்வாறு திறந்தது. தெரிந்த சொல்லொன்று எங்கேனும் இருந்தால் போதும். அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கோப்பானாலும் முதல் வரியில் மாவட்டத்தின் பெயரை அடிப்பார். அரியலூர் மாவட்டம் என்று வைத்துப் பார்த்தோம். பொருந்தவில்லை. அரியலூர் என்பதற்கு ஐந்து குறிகள் போதும். திரையில் முதற்சொல்லுக்கு ஏழு இருந்தன. நெடுநேரம் விழித்தபின்தான் நினைவு வந்தது. 2003இல் ஏது அரியலூர் மாவட்டம்? 2001இல் பிரிந்த அம்மாவட்டம் 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது; மறுபடி தனி மாவட்டமானது 2007 நவம்பரில்.

பெரம்பலூர் மாவட்டம் என்று வைத்தோம். கொம்பு, ப, ர, ம், ப, லூ, ர்: ஏழு குறிகள். இரண்டாவதும் ஐந்தாவதும் ஒன்றாக இருக்க வேண்டும், இருந்தன. நான்காவது அடுத்த சொல்லின் இறுதியில் வர வேண்டும், வந்தது. இனிக் கல்வெட்டின் தொடக்கம். கோப்பரகேசரி என்ற பட்டத்தைத் தேடினோம். அதைப் பத்துக் குறிகளாக எழுதினால் முதலிரண்டும் ஏழாவது, எட்டாவது குறிகளும் ஒன்றே. இடையில் ஐந்தாவதும் ஆறாவதும் முன்னரே கண்ட பகரமும் ரகரமும். நான்காம் வரியில் அச்சொல் கிடைத்தது. அதன்பின் ஒவ்வொரு சொல்லும் அடுத்ததற்கு வழிகாட்ட, விடியுமுன் பட்டியல் ஏறத்தாழ நிறைவுற்றது.

படித்தவற்றில் வரலாற்றைப் புரட்டும் செய்தி ஏதுமில்லை. விளக்கெரிக்க ஆடு கொடுத்த செய்தி ஒன்று; நிலத்தின் எல்லை கூறும் துண்டுகள் இரண்டு. இன்று அவற்றை வேறெங்கும் காண இயலாது என்பதே அவற்றின் மதிப்பு. கோப்பின் இறுதியில் அண்ணன் எங்களுக்காக ஒரு குறிப்பு எழுதியிருந்தார். நிலத்துண்டின் இரண்டாம் வரியில் மூன்று எழுத்துகள் ஐயத்துக்குரியவை. மழைக்காலம் முடிந்ததும் மூவரும் சென்று மீண்டும் பார்க்க வேண்டும் என்று. அந்த ஆண்டு மழை முடிந்தது. வேலை தேடிச் சென்ற நாங்கள் போகவில்லை.

அந்த மூன்று எழுத்துகளையும் நிரப்ப எங்களால் இயலும். எல்லை கூறும் வாசகத்தின் போக்கு நமக்குத் தெரிந்ததே. நிரப்பவில்லை. அண்ணன் இட்ட மூன்று புள்ளிகளை அப்படியே விட்டிருக்கிறோம். ஒருங்குறியில், எளிய உரைக்கோப்பாக, நான்கு இடங்களில் இப்போது அப்பாடம் உள்ளது. ஒரு தாட்பிரதியும் உண்டு. அதன் தலைப்பில் கல் இருந்த இடம், படித்த நாள்கள், படித்தவர், அடித்த எழுத்துரு தெரியாமை, குறிகளை ஊகித்து மாற்றிய விவரம் ஆகியவற்றை வரிசையாக எழுதினோம். அவற்றுக்கெல்லாம் மேலே, மாவட்டத்தின் பெயருக்கும் முன்னால், ஒரு சொல்லை இட்டோம்: பழங்கற்படி.

இதைப் படிக்கும் நண்பர்களின் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய கணினி இருக்கக்கூடும். இந்த மழைக்கு முன் அதை இறக்கிப் பாருங்கள்.